ஓசியில் ஊர் காட்டிய மாமா

திருவனந்தபுரத்தில் குடியிருப்பவனுக்கு மாநகராட்சி போடாத வரி ஒன்று உண்டு. கன்னியாகுமரி பார்க்கக் கிளம்புகிற மனைவி வழிச் சொந்தம் மொத்தமும், "பக்கத்துலதானே" என்று நம் வீட்டில் வந்து இறங்கும். இந்தத் தடவை வந்தது மைத்துனர் மகன். முதுகில் ஆளுயர மூட்டை. நியூசிலாந்தில் ரோட்டோருவா என்று ஓர் ஏரிக்கரை ஊராம். அங்கே ஒரு பூங்காவில் பூமிக்குள்ளிருந்து சேறு கொதிப்பதை டிக்கெட் இல்லாமல் பார்த்து, தானாகச் சுடுகிற தண்ணீரில் காலையும் ஊறவைத்துவிட்டு வந்திருக்கிறான். "உங்க ஊர்ல ஃப்ரீயா என்ன மாமா இருக்கு?"

ஏப்ரல் மதியத்தில் எம்.ஜி. ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாரேன் என்று சொல்ல வாய் வந்தது. அவன் அத்தை பக்கத்திலேயே நின்றாள். "எல்லாமே ஃப்ரீதான்டா" என்றேன்.

முதலில் கிழக்கேகோட்டை, மேத்தன் மணி. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, குளத்தைப் பார்த்தபடி இருக்கிற பழைய கடிகாரம். மேலே ஒரு தாடிக்காரர் முகம். மணிக்கு மணி அவர் வாயைத் திறப்பார், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். காசே கிடையாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் அப்போதுதான் முட்டு வாங்கி முடித்து வாயை மூடியிருந்தார். அடுத்த முட்டுக்கு ஒரு மணி நேரம். அதுவரை வாலிப வயிறு சும்மா இருக்குமா? டீக்கடையில் பழம்பொரி சூடாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. "நீங்க சாப்பிடலையா மாமா?" என்று தட்டு காலியானபின் கேட்டான். கடைக்காரர் சில்லறை தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மணி அடித்துவிட்டது. நான் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தாடிக்காரர் தேவையும் பட்டிருக்காது.

கோயிலில் தரிசனம் இலவசம்தான். ஆனால் ஆண்கள் வேட்டி கட்டிச் சட்டையைக் கழற்ற வேண்டும். அவன் போட்டிருந்ததோ அரைக்கால் சட்டை. வேட்டிக்கு ஒரு காசு, மூட்டையும் போனும் வைக்க ஒரு காசு. சட்டையைக் கழற்றியதும் என் தொப்பையும் ஊருக்கு இலவசக் காட்சியாயிற்று. உள்ளே பதினெட்டடிப் பெருமாள் பாம்பின்மேல் பள்ளிகொண்டிருக்கிறார். முகம் ஒரு வாசலில், நாபி இன்னொன்றில், பாதம் மூன்றாவதில். கால் கடுக்க நின்றவனுக்கு அந்தப் படுக்கையைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான்.

"சங்குமுகம் அஞ்சாறு கிலோமீட்டர்தானே, நடந்துடலாம் மாமா" என்றான். போகிற வழியில் ஆராட்டைப் பற்றிச் சொன்னேன். பங்குனியிலும் ஐப்பசியிலும் சுவாமி இந்தப் பக்கம்தான் கடலாடப் போவார். விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் ஊர்வலம் போக வேண்டும், அதற்காகச் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவிடுவார்கள். இதைச் சொல்லிக்கொண்டே கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். விமானம் நிற்கிற ஊரில் எனக்கு ஓர் ஆட்டோ நிற்கவில்லை.

கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய சாகரகன்யகா 87 அடி நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கிறாள். பையன் படம் எடுத்துக்கொண்டான். நான் மூட்டையைச் சுமந்தபடி நின்றேன். அந்தப் படத்தில் ஓரமாகத் தெரிகிற கை என்னுடையது.

ராத்திரி அவன் ஒரு சின்ன நோட்டில் கணக்கு எழுதினான்: திருவனந்தபுரம், செலவு பூஜ்யம். "பிள்ளை எவ்வளவு சிக்கனம் பாருங்க!" என்று அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அன்று வாங்கியதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. யோசித்துத்தான் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம் வடிவமைத்து, 1880-இல் முடிந்த நேப்பியர் மியூசியம். திங்களன்று அதற்கும் லீவு, பக்கத்து மிருகக்காட்சிசாலைக்கும் லீவு. தோட்டத்தில் நடக்கக் காசு கேட்கமாட்டார்கள். பட்டை பட்டையாக வண்ணம் பூசிய சுவர்களை வெளியே நின்று பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலுக்கு அவனை ஏற்றிவிடலாம்.

பையன் போர்டை நிதானமாகப் படித்தான்.

"நாளைக்குத் திறந்துடுவாங்க மாமா. உள்ள பார்க்காம எப்படிப் போறது? ரயிலை அப்புறம் பார்த்துக்கலாம். அத்தைகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க."