மகாராஜாவின் மூக்கு பேரிக்காய்

பதினாறாம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரண்மனையில் ஓவியர் உத்தியோகம் லேசில் கிடைக்காது. கிடைத்தால் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, ஊரில் மரியாதை உண்டு. ஒரே ஒரு சங்கடம், தாடை. அந்த வம்சத்தில் பலருக்குக் கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்திக்கு வாயை ஒழுங்காக மூடுவதே பெரும்பாடு. இருக்கிறபடி வரைந்தால் வேலை போய்விடும். திருத்தி வரைந்தால், படத்தில் இருப்பது யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

இந்தத் தாடை எப்படி வந்தது என்று விசாரிக்கக் கிளம்பினால் கல்யாணப் பத்திரிகைகளில் போய் நிற்போம். சார்லஸும் முதலாம் ஃபெர்டினாண்டும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் மகள் மரியாவைத் தம்பி மகன் மாக்ஸிமிலியனுக்குக் கட்டி வைத்தார்கள். பெரியப்பா மகள், தங்கை முறை! நம்மூர்ப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதோடு விட்டார்களா? மரியாவின் அண்ணன், ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப், 1570-ல் மரியாவின் மகளையே மணந்துகொண்டார். தாய்மாமன்தானே என்று அவசரப்பட்டுத் தாம்பூலம் மாற்றிவிடாதீர்கள். அக்கா மகள் என்றால் பேசலாம். இது தங்கை மகள். கடைசியில் 1571-ல் மாக்ஸிமிலியனின் தம்பி சார்லஸ், பவேரியாவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா அன்னாவின் பெண்ணைக் கட்டினார். இந்த மூன்றில் நம் பக்கத்து மாமன்கள் மனசார மொய் எழுதக்கூடிய கல்யாணம் அது ஒன்றுதான். பிறகு அந்தக் கல்யாணத்துக்கு வருவோம். நம் ஆளுக்கு அதில் வேலை இருக்கிறது.

நம் ஆளின் பெயர் ஜியுசெப்பே ஆர்ச்சிம்போல்டோ. மிலான்காரர். அப்பாவும் ஓவியர்தான். அப்பாவும் பிள்ளையுமாக மிலான் பேராலயத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சன்னல்களுக்குப் புனிதர்களை வரைந்து கொடுப்பது பிள்ளையின் பாடு. 1562-ல் வியன்னா அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. போனார். புனிதர்களையே வரைந்து வரைந்து அலுத்துப்போன கை என்ன செய்யும்? அடுத்த வருஷமே தாடைப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. தாடை என்று ஒன்று இருந்தால்தானே தகராறு? அந்த இடத்தில் ஏதாவது ஒரு காயை வைத்துவிட்டால் தீர்ந்தது.

அப்படிப் பிறந்தவைதான் நான்கு பருவங்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘கோடை’யை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பிய ஒரு முகம். மூக்கு, வெள்ளரிக்காய். கன்னம், குழிப்பேரி. காது, மக்காச்சோளக் கதிர். உதடு செர்ரிப் பழம். லேசாக வாய் திறந்து சிரிக்கிறது. உள்ளே வரிசையாகப் பல் தெரிகிறதே என்று பார்த்தால், வெடித்த பட்டாணிக் காய். சட்டை முழுக்க வைக்கோல் பின்னல். காலரில் வைக்கோலாலேயே எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் பின்னிவைத்திருக்கிறார் மனுஷன். தோள்பட்டையில் 1563 என்று வருஷம். தையற்காரர் தன் கடைப் பெயரைக் காலருக்கு உள்பக்கம் வைப்பார். இவர் வெளியிலேயே வைத்துவிட்டார்.

மக்காச்சோளம் அப்போது ஐரோப்பாவுக்குப் புதுசு. கொலம்பஸ் போய்வந்து எழுபது வருஷம்தான் ஆகியிருந்தது. அதே படத்தில் நம் பக்கத்திலிருந்து போன கத்தரிக்காயும் உண்டு. வியன்னாக்காரர்களுக்கு அதுவும் அபூர்வப் பண்டம். எனவே மளிகைச் சிட்டையைப் பார்த்துக் கண்டபடி ஒட்டிய முகம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் எந்த மூலையில் எது விளைந்தாலும் அது எங்கள் வீட்டுக் கூடைக்கு வந்துவிடும் என்று ராஜா பீற்றிக்கொள்ள உதவுகிற படம் இது. ராஜாவுக்கு ஏன் பிடித்தது என்று இப்போது புரிகிறதா?

‘இலையுதிர் காலம்’ இன்னும் ரகளை. உடம்பு, உடைந்த மரப்பீப்பாய். மூக்கு பேரிக்காய், தலைமுடி திராட்சைக் கொத்து, காதில் தொங்கட்டானாகப் பழுத்து வெடித்த அத்திப்பழம். குடித்துவிட்டுக் கல்யாண வீட்டுப் பந்தலில் தலை தொங்க உட்கார்ந்திருக்கும் தூரத்து உறவினர் ஒருவரை எனக்கு ஞாபகப்படுத்துகிறது, பெயர் வேண்டாம். ‘குளிர்கால’த்தில் சாப்பிட எதுவும் கிடையாது. பட்டுப்போன மரக்கட்டைதான் முகம், உதட்டுக்கு மரக்காளான். மார்பில் மட்டும் ஒரு எலுமிச்சையும் ஆரஞ்சும் பரிதாபமாகத் தொங்குகின்றன. கிழவர் போர்த்தியிருப்பது கோரைப்பாய். அந்தப் பாயில் கிரீடத்தோடு ‘எம்’ என்று ஓர் எழுத்து. பாய் யார் வீட்டுப் பாய் என்பதில் சந்தேகம் வரக்கூடாதல்லவா? ராஜா மாக்ஸிமிலியன் வீட்டுப் பாய்.

பருவங்களோடு நிற்கவில்லை. 1566-ஐ ஒட்டி நிலம், நீர், நெருப்பு, காற்று என்று பூதங்களுக்கும் முகம் வைத்தார். ‘நீர்’ என்பது ஒரு முழு மீன் மார்க்கெட். மீன், நண்டு, ஆமை எல்லாம் சேர்ந்து நெளியும் அந்த மூஞ்சிக்குக் கழுத்தில் முத்துமாலை வேறு.

இதையெல்லாம் 1569 புத்தாண்டுப் பரிசாக மாக்ஸிமிலியனிடம் கொடுத்தார். இங்கேதான் நம் ஆளின் சாமர்த்தியம். வெறும் படத்தைக் கொண்டுபோய் நீட்டவில்லை. கூடவே ஃபோன்தேயோ என்றொரு புலவரைக் கூட்டிக்கொண்டு போனார். புலவர் லத்தீனில் ஒரு நீண்ட கவிதை எழுதி வைத்திருந்தார். அதன் சாரம் இவ்வளவுதான்: பருவங்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், பூதங்கள் உலகத்தை ஆண்டுகொண்டே இருக்கும், அதுபோல ஹாப்ஸ்பர்க் குடும்பமும் என்றென்றைக்கும் ஆளும். ராஜா வெள்ளரிக்காய் மூக்கைப் பார்த்து முகம் சுளிப்பதற்குள் புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தால் ஓவியரின் கழுத்து தப்பியது. அந்தக் காலத்து ஆயுள் காப்பீடு அப்படித்தான் இருந்திருக்கிறது. பிரீமியத்தை எதுகை மோனையில் கட்ட வேண்டும்.

மாக்ஸிமிலியனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். 1573-ல் சாக்ஸனி பிரபுவுக்குப் பரிசளிக்க இன்னொரு செட் வரையச் சொன்னார். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் பூ பார்டர் போட்டுத் தொங்குகிறதே, அதுதான் இது.

காய்கறியில் மனிதரை வாழ்த்தலாம். கோழியில்? 1566-ல் அரண்மனைச் சட்ட மேதை ஒருவரை ஆர்ச்சிம்போல்டோ வரைந்தார். உல்ரிக் சாசியுஸ் என்ற பெரிய அதிகாரிதான் அவர் என்று பலரும் கருதுகிறார்கள். முகத்தில் பாதி உரித்த கோழி, மீதி மீன். கோழியின் உடம்பு மூக்கும் கன்னமுமாகிவிட்டது. மீனின் வாய் இவர் வாய், வால் தாடி. மேலே கனத்த அங்கி, உள்ளே உடம்பே கிடையாது. புத்தகமும் கட்டுக்கட்டாகக் காகிதமும்தான். வக்கீல் உடம்பில் வேறு என்ன இருக்கும் என்று ஓவியர் நினைத்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்து ராஜா சிரித்தார், அரண்மனை முழுக்கச் சிரித்தது என்று கொமானினி என்பவர் பிற்பாடு எழுதிவைத்தார். இந்தப் படத்துக்குப் புலவர் யாரையும் கூட்டிப்போனதாகத் தெரியவில்லை. சிரிக்கிறவர் ராஜாவாக இருக்கும்போது சிரிக்கப்படுகிறவருக்கு எதற்குக் கவிதை?

இப்போது அந்த அக்கா மகள் கல்யாணம். 1571-ல் வியன்னாவில் ஊர்வலமும் வேடிக்கையுமாக அமர்க்களப்பட்டது. விழாவுக்கான வேஷங்களில் ஆர்ச்சிம்போல்டோவின் கை இருந்தது. பருவங்கள், பூதங்கள் எல்லாம் வேஷம் கட்டி வந்தன. மாப்பிள்ளைக்கு அண்ணனான சக்கரவர்த்தி மாக்ஸிமிலியன் குளிர்காலமாக வந்தார். சீர்வரிசையைக் கவனிக்க வேண்டிய மூத்தவர் குளிர்காலக் கிழவராக வேஷம் கட்டி வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்!

சாப்பாட்டை வைத்து விளையாடுவது அன்றைக்குப் பெரிய இடத்துப் பழக்கம். விருந்து மேஜையில் சர்க்கரையில் சிலை வடிப்பார்கள்; சிங்கம், தேவதை, கோட்டை, எல்லாம் சர்க்கரை. சர்க்கரை தங்க விலை விற்ற காலம் என்பதால் நக்கிப் பார்க்கவே அந்தஸ்து வேண்டும். இதில் சிகரம் தொட்டவர்கள் வெனிஸ்காரர்கள். 1574-ல் பிரெஞ்சு ராஜா மூன்றாம் ஹென்றி அங்கே வந்தார். வந்த கதையே தனி. அவர் அப்போது போலந்துக்கு ராஜா. பிரான்ஸில் அண்ணன் செத்துப்போய் நல்ல நாற்காலி காலியானதும் போலந்தை விட்டு ராவோடு ராவாக ஓடினார். வழியில் அண்ணனின் மாமனார் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெனிஸ் போனார். அந்த மாமனார் வேறு யாருமில்லை, நம் மாக்ஸிமிலியன்தான். வெனிஸ் விருந்தில் ஹென்றி கை துடைக்கத் துணியை எடுத்தாராம். அது பொடிப்பொடியாக உடைந்ததாம். துணி, தட்டு, கத்தி, எல்லாமே சர்க்கரை. ஒரு நாட்டை உதறிவிட்டு ஓடிவந்தவருக்குக் கைக்குட்டையும் நிலைக்கவில்லை.

1576-ல் மாக்ஸிமிலியன் இறந்து, மகன் இரண்டாம் ருடால்ஃப் பட்டத்துக்கு வந்தார். இவர் ஒரு தனிப்பிறவி. 1583-ல் தலைநகரத்தையே வியன்னாவிலிருந்து பிராகுக்கு மாற்றிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. வம்சத்துக் கல்யாணக் கணக்கைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் புத்தியோடு நடந்துகொண்டவர் இவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. தூதர்கள் மாதக்கணக்கில் வாசலில் காத்துக்கிடப்பார்கள். ராஜா உள்ளே ரசவாதிகளோடு ஈயத்தைத் தங்கமாக்கிக்கொண்டிருப்பார். டைக்கோ பிராஹே, கெப்ளர் மாதிரி நிஜமான விஞ்ஞானிகளும் பிற்பாடு அங்கே வந்து சேர்ந்தார்கள். கெப்ளருக்குச் சம்பளம்தான் ஒழுங்காக வரவில்லை. தங்கம் இன்னும் ஆகவில்லையோ என்னவோ.

ஆர்ச்சிம்போல்டோ 1587-ல் விடைபெற்று மிலான் திரும்பினார். அங்கிருந்து 1591-ல் பழைய முதலாளிக்கு ஒரு படம் வரைந்து அனுப்பினார். பருவங்களின் ரோமானியத் தெய்வம் வெர்தும்னுஸாக ருடால்ஃப். இந்தத் தடவை பக்கவாட்டு முகம் கிடையாது. சக்கரவர்த்தி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். மூக்கு பேரிக்காய். கண்ணிமை பட்டாணிக் காய். கன்னங்கள் செக்கச்செவேலென்று பழுத்த பழம். காதுக்கு வழக்கம்போல் மக்காச்சோளம். மார்பு முழுக்கப் பூசணி. அந்தத் தாடை? முள்ளோடு கூடிய கஷ்கொட்டைக் கூடு தாடியாக வந்து சமர்த்தாக மூடிக்கொண்டது. மூன்று தலைமுறை ஓவியர்களை ஆட்டிவைத்த விவகாரம் ஒரு முள்காயில் முடிந்தது.

கூடவே கவிதை போயிற்றா? போயிற்று. இந்த முறை எழுதியவர், கோழிமூக்கு வக்கீல் கதையைச் சொன்ன அதே கொமானினி.

ஒல்லி உடம்பில் இருக்கும் தன் தலையை மல்லனின் உடம்போடு சேர்த்துப் படம் எழுதச் சொன்ன இருபத்து மூன்றாம் புலிகேசியைச் சினிமாவில் பார்த்துச் சிரித்தோம். சொல்லப்போனால் ராஜாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் புலிகேசிதான். ருடால்ஃப் அந்த மீதி ஒன்று. பூசணிக்காய் உடம்பைப் பார்த்து மகிழ்ந்துபோய், 1592-ல் ஆர்ச்சிம்போல்டோவுக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். ஓவியர் மறுவருஷம் கண்ணை மூடினார். நல்ல நேரத்தில் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பி மத்தியாஸ் ஒவ்வொரு கிரீடமாகப் பிடுங்கிக்கொள்ள, ருடால்ஃப் 1612-ல் வெறும் சக்கரவர்த்திப் பட்டத்தோடு செத்தார். 1618-ல் பிராக் கோட்டைச் சன்னலிலிருந்து மூன்று பேரை வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவமாதா தாங்கினாள் என்றது ஒரு கட்சி. கீழே சாணிக்குவியல் இருந்தது என்றது எதிர்க்கட்சி. இதை வைத்து முப்பது வருஷம் சண்டை போட்டார்கள்.

1648-ல் சமாதானம் கையெழுத்தாவதற்குச் சில மாதம் முன்னால் ஸ்வீடன் படை பிராகுக்குள் புகுந்து ருடால்ஃப் சேர்த்ததில் மிஞ்சியிருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ‘சாத்தான் பைபி’ளைக்கூட விடவில்லை. காய்கறிச் சக்கரவர்த்தியும் கொள்ளைப் பொருளாக ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். அப்புறம் நெடுங்காலம் ஆர்ச்சிம்போல்டோவைப் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1936-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கனவுக்கலைக் கண்காட்சி நடத்தியபோதுதான், டாலி கும்பலுக்கு முப்பாட்டன் இவர் என்று கண்டுபிடித்து மாலை போட்டார்கள்.

ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய ‘சமையல்காரர்’ இருக்கிறார். ஒரு தட்டில் வறுத்த பன்றிக்குட்டி, பறவை. இரண்டு கைகள் மூடியைத் தூக்கிக் காட்டுகின்றன. தலைகீழாகத் திருப்பினால் தட்டு தொப்பியாகி, ஒரு முரட்டு ஆசாமி முறைக்கிறான். இத்தாலியின் கிரெமோனாவில் இருக்கும் காய்கறிக் கிண்ணமும் இதே ஜாதி. முள்ளங்கி, வெங்காயம், கீரை. கவிழ்த்தால் தோட்டக்காரர், கிண்ணம் தலைக்கவசம். போனில் தேடிப் பார்ப்பவர்கள் முதலில் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில போன்களில் நீங்கள் திருப்பத் திருப்ப சமையல்காரரும் கூடவே திரும்பிக்கொண்டு கடைசிவரை பன்றிக்குட்டியையே காட்டுவார்.

வெர்தும்னுஸ் இப்போது ஸ்டாக்ஹோமுக்கும் உப்சாலாவுக்கும் நடுவில், ஏரிக்கரையில் உள்ள ஸ்கோக்ளோஸ்டர் கோட்டையில் இருக்கிறது. கட்டியவர் ஸ்வீடன் தளபதி வ்ராங்கெல். 1676-ல் அவர் இறந்ததும் கொத்தனார்கள் போட்டது போட்டபடி கிளம்பிப் போய்விட்டார்கள். கோட்டையின் பெரிய விருந்துக் கூடம் இன்றுவரை கட்டி முடிக்கப்படவில்லை.