துட்டுக்கு ரத்தினக் கம்பளம், ஆளுக்கு ரெட் சேனல்

லீவுக்கு ஊருக்கு வரும் தொழிலாளி எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று பாடம் நடத்த நம் நாட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பட்ஜெட் போடு என்கிறார்கள். சொந்தபந்தங்களிடம் முடியாது என்று சொல்லப் பழகு என்கிறார்கள். அபுதாபியில் வெல்டிங் அடித்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொடுங்கையூர் எழில் நகருக்கு வருகிறவனுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? அத்தை ஒரு கோடாலித் தைலம் கேட்கிறாள். அக்கா பிள்ளைக்கு ஒரு டப்பா நிடோ. "எப்போ வந்தே, எப்போ போறே" என்று கேட்டபடி தெருவே தோளில் கை போடுகிறது, ஆளுக்கொரு டீ வாங்கித் தருகிறான். இதுதான் ஊதாரித்தனமாம். அவன் பையில் நிஜமாகவே கையை விட்டு எடுப்பவர்கள் யார் என்று மட்டும் எந்த ஆலோசகரும் வாயைத் திறப்பதில்லை.

முதல் கை விமான நிலையத்திலேயே நீளுகிறது. பணம் மாற்றும் கவுன்டரில் 'கமிஷன் கிடையாது' என்று பலகை. எதற்குக் கமிஷன்? விலையிலேயே வெட்டியாயிற்று. வெட்டியது போக, சொந்தச் சம்பளத்தைச் சொந்த நாட்டு நோட்டாக மாற்றிக்கொள்வதும் ஒரு சேவையாம். அதற்குக் குறைந்தது 45 ரூபாய் ஜிஎஸ்டி.

இந்த வெட்டுக்குப் பயந்துதான் விவரமானவன் திரும்பிப் போகும்போதே இரண்டாயிரம் மூவாயிரத்தை நம் நோட்டாகப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகிக்கொண்டு போவான். அடுத்த லீவில் இறங்கியதும் ஆட்டோவுக்கு, டீக்கு, ஓடி வரும் பிள்ளைகள் கையில் வைக்க. எந்த நிதி ஆலோசகரும் சொல்லித் தராத சிக்கனம் இது. 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு பழைய நோட்டுகள் செல்லாது என்றார்கள், அந்தச் சிக்கனம் செத்தது.

உள்ளூர்க்காரன் வங்கி வாசலில் வரிசையிலாவது நின்றான். கடலுக்கு அப்பால் இருந்தவன் எங்கே போய் நிற்பான்? கவலைப்படாதீர்கள், 2017 மார்ச் 31 வரை ரிசர்வ் வங்கியில் மாற்றலாம் என்று அன்றைய பேச்சிலேயே பிரதமர் வாக்குக் கொடுத்தார். டிசம்பர் 30 அன்று அவசரச் சட்டம் வந்து வாக்கை நறுக்கியது: வங்கிகளில் நோட்டு வாங்கிய அந்த ஐம்பது நாளும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். அங்கேயே வசிக்கும் இந்தியர்களுக்கு ஜூன் 30 வரை கெடு, உச்சவரம்பு 25,000 ரூபாய்.

மாற்றிய லட்சணத்தைக் கேளுங்கள். நாடு முழுக்க ஐந்தே அலுவலகங்கள்: மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, நாக்பூர். ஆள் நேரில் வர வேண்டும், தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. இறங்கியதும் ரெட் சேனலில் போய், தங்கக் கட்டியோடு வந்தவனுக்குப் பின்னால் நின்று, 'இத்தனை செல்லாத நோட்டு வைத்திருக்கிறேன் ஐயா' என்று எழுதிக் கொடுத்துச் சுங்க அதிகாரியின் முத்திரை வாங்க வேண்டும். அப்புறமும் காசு கைக்கு வராது, வங்கிக் கணக்கில்தான் ஏறும். ஆக, பாஸ்போர்ட் உறைக்குள் கிடந்த மூவாயிரத்தைக் காப்பாற்ற அதைப்போலப் பல மடங்கில் ஒரு டிக்கெட்! ஜூலையில் லீவு கிடைத்தவனுக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு 2017-ல் ஒரு சட்டம்: பத்துப் பழைய நோட்டுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம், பத்தாயிரம் ரூபாய் அல்லது மதிப்பில் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம்.

கடைசியில் 99.3 விழுக்காடு நோட்டு திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே சொன்னது. வராத 0.7 விழுக்காட்டில் மஸ்கட்டில் இருந்த ஒரு கொத்தனாரின் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் அடக்கம். பிடித்தார்களே கறுப்புப் பணத்தை!

சென்னை ரிசர்வ் வங்கி ராஜாஜி சாலையில் இருக்கிறது. பர்மா பஜாரும் அதே சாலையில்தான். கொடுங்கையூரை ஒட்டிய வியாசர்பாடியில் குடியேறிய பர்மா அகதிகளுக்கு இந்தக் கதை பழசு. 1964 மே மாதம் நே வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. கடைகளை அதற்கு முன்பே பிடுங்கியிருந்தது. வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்கள் அந்த ராஜாஜி சாலை நடைபாதையில் கடை விரித்துப் பிழைத்தார்கள். அங்கே செய்தவன் ராணுவச் சர்வாதிகாரி, மக்களிடம் கைதட்டல் கேட்கவில்லை. இங்கே கைதட்டலும் கேட்டார்கள், ஓட்டும் கேட்டார்கள்.

இப்போதுதான் நோட்டே வேண்டாமே, எல்லாம் போனிலேயே ஆயிற்றே என்பீர்கள். 2023 பிப்ரவரியில் ஜி20 நாடுகளிலிருந்து வந்த பயணிகளுக்கு டெல்லி, மும்பை, பெங்களூரு விமான நிலையங்களிலேயே பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து யுபிஐ கொடுத்தார்கள். நம் ஆளுக்கு? வெளிநாட்டு எண்ணில் யுபிஐ என்று அதற்கு முந்தைய மாதம் வந்த முதல் பட்டியலில் பத்து நாடுகள். அமெரிக்கா உண்டு, கனடா உண்டு. மலேசியா இல்லை, குவைத் இல்லை, பஹ்ரைன் இல்லை. பட்டியலில் இடம் கிடைத்த நாட்டில் வேலை செய்பவனுக்கும் பழைய சேமிப்புக் கணக்கு உதவாது. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், மாற்றினால் வட்டியில் 30 விழுக்காடு முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். மூலக்கடை டீக்கடையில் க்யூஆர் அட்டைக்கு முன்னால் நின்று, பெண்டாட்டி போனை வாங்கி பத்து ரூபாய் கட்டுகிறான், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த வீரன்.

2024-ல் இவர்களையும் சேர்த்து வெளிநாடு வாழ் இந்தியர்கள் அனுப்பிய பணம் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கி மதிப்பீடு, உலகிலேயே முதலிடம். அதற்கு விழா எடுக்கிறார்கள். டெல்லிக்கு ஜனவரி 9, வெளிநாடு வாழ் இந்தியர் தினம்; சென்னைக்கு ஜனவரி 12, அயலகத் தமிழர் தினம், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். குவைத் மங்காஃபில் 2024 ஜூன் 12 அன்று தொழிலாளர் குடியிருப்பில் பிடித்த தீயில் செத்தவர்களில் 7 பேர் தமிழர்கள். விழா மேடையில் ஏறுவதற்கு அந்த ரகத் தமிழர்களிடம் கோட்டு கிடையாது.

கொடுங்கையூர்க்காரன் கொண்டு வந்ததில் மிச்சம் எதற்குப் போகிறது தெரியுமா? கேன் தண்ணீருக்கு, அப்பாவின் மூச்சிரைப்புக்கு, பிள்ளையின் நெபுலைசருக்கு. ஏறக்குறைய 350 ஏக்கர் குப்பை மேடு வாசலில் இருந்தால் பட்ஜெட்டை அதுதான் போடும். அந்த மேட்டில் எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் கைகோத்து நின்றவர்களில் இவன் அம்மாவைப் போன்றவர்களும் இருந்தார்கள். மகன் அனுப்பும் டாலரை எண்ணத் தெரிந்த அரசுகளுக்கு அந்த அம்மாவின் இருமலை எண்ணத் தெரியவில்லை.

அடுத்த ஜனவரியில் மேடையில் யாராவது 'எங்கள் அயலகத் தூதுவர்களே' என்று ஆரம்பித்தால், வாசகரே, கூச்சப்படாமல் எழுந்து கேளுங்கள்: அந்த ஆறு நோட்டை எப்போது மாற்றித் தருவீர்கள்? கொடுங்கையூர்க் குப்பையை எப்போது அள்ளுவீர்கள்? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.