28 நாள் கணக்கு

நடுக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் 14 நாள் வேலை, 14 நாள் ஓய்வு என்பது வழக்கம். இரண்டையும் சேர்த்தால் 28. அதை 13-ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவு. ஆகவே இந்த வருஷம் தைப்பொங்கலன்று ஒருவர் கடலில் இருந்தால், அடுத்த பொங்கலுக்கும் கடலில்தான் இருப்பார், அதற்கடுத்த பொங்கலுக்கும். வருஷத்துக்கு ஒரு நாளும் லீப் வருஷத்தில் இரண்டு நாளுமாக நகர்ந்து, பொங்கல் ஓய்வு நாட்களின் பக்கம் வந்து விழ ஏறக்குறைய 11 வருஷம் ஆகிவிடும். தீபாவளி அமாவாசையைப் பார்த்து வருவதால் முன்னும் பின்னும் நகரும். பொங்கல் சூரியனைப் பார்த்து வருவது, அசையாது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அங்கே வேலை பார்த்த அப்பா ஒரு பொங்கலுக்கும் வீட்டில் இருந்ததில்லை. எங்கள் ஊர் பேத்துப்பாறையில் யாருக்கும் அது புரியவில்லை. "பொங்கலுக்குக்கூடவா லீவு தரமாட்டாங்க?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். கேட்பவர்கள் நல்ல மனதோடு கேட்டார்களா என்பது வேறு விஷயம். கணக்குப் பாடத்தில் வகுத்தலும் மீதியும் நன்றாகப் படிந்த பிறகுதான் எனக்கே காரணம் விளங்கியது. அப்பா கடலில் இருந்த பொங்கல்களில் எல்லாம் அவருடைய ஜோடி, அதாவது அவர் இறங்கும்போது ஏறி அதே வேலையைப் பார்ப்பவர், தன் வீட்டில் இருந்திருக்கிறார். எங்களுக்குப் பொங்கல் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் அது கைவிட்டுப் போயிருக்கும். அதை நினைத்த பிறகு எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை.

எங்கள் ஊர் கொடைக்கானலிலிருந்து வில்பட்டி தாண்டி இறங்கும் சரிவில் இருக்கிறது. அதற்கும் கீழே போனால் அஞ்சுவீடு அருவி. காபி, மலைவாழை, பீன்ஸ், மிளகு, இப்போது பட்டர் ஃப்ரூட். தாத்தா காலத்தில் மலைவாழை ஒன்றே குடும்பத்தைத் தாங்கியது. 1970-களில் அசுவினிப் பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோய் பழனி மலை முழுக்க வாழையை அழித்தது. தாத்தாவின் காடும் அதில் போனது. அப்பா திண்டுக்கல்லில் டீசல் மெக்கானிக் படித்து, 1986-இல் மும்பைக்கு ரயில் ஏறியதற்கு அதுதான் காரணம். வாழை நின்றிருந்தால் அவர் கடலையே பார்த்திருக்க மாட்டார்.

மும்பை ஹையில் எண்ணெய் இருப்பதை 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடை (ரிக்) 1974-இல் கண்டுபிடித்தது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ஜூஹு விமானத் தளத்திலிருந்து ஹெலிகாப்டரில் போவார்கள். ரிக் மேலே இரவென்றும் பகலென்றும் கிடையாது, இன்ஜின் நிற்காது, ஆளுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். அப்பா வேலை பார்த்த வயலின் எண்ணெய் குழாய் வழியாக உரன் கரைக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருஷங்களில், அம்மா காபிச் செடி கவாத்து செய்த குச்சியில் அடுப்பெரித்துக்கொண்டு, ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றாள். மண்ணெண்ணெய் வராத மாதத்தில் நாங்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுப்பாடம் எழுதி முடிப்போம்.

ஓய்வு நாள் 14 என்று பெயர்தான். மும்பையிலிருந்து சென்னைக்கு ஒரு நாளுக்கு மேல் ரயில், எழும்பூரில் காத்திருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடியற்காலை கொடைரோடு, பஸ், வத்தலக்குண்டு, மலைப்பாதை, கொடைக்கானலில் இன்னொரு பஸ். போக மூன்று நாள், வர மூன்று நாள். வந்ததும் இரண்டு நாள் பகலெல்லாம் தூங்குவார், இரவு ஷிஃப்ட் பார்த்த உடம்பு அப்படித்தான் கேட்கும். மண்வெட்டி எங்கே, ஏணி எங்கே என்று தெரிந்துகொள்வதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும்.

கடிதமும் அப்படித்தான். அம்மா எழுதுவது மும்பை போய், ஹெலிகாப்டர் பையில் ஏறி, கடலுக்குப் போய்ச் சேரும்போது பல சமயம் அப்பா அங்கிருந்து கிளம்பியிருப்பார். அடுத்த முறை திரும்பிப் போய்த்தான் பிரித்துப் படிப்பார். எந்தக் கேள்வியையும் கடிதத்தில் கேட்பதில் பயனில்லை என்று அம்மா சீக்கிரமே தெரிந்துகொண்டாள். அதன்பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, தான் செய்ததைத் தெரிவிப்பதற்காக மட்டும் எழுதினாள்.

அவள் செய்தவை சின்ன விஷயங்கள் அல்ல. அதுவரை காபி போர்டின் பொதுத் தொகுப்புக்குக் கொட்டவேண்டியிருந்த காபியை, 1990-களின் நடுவில் சிறு விவசாயிகள் வெளிச்சந்தையில் விற்கலாம் என்று ஆயிற்று. பட்டிவீரன்பட்டி வியாபாரிகள் நேரடியாக விலை பேச வந்தார்கள். 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து உலகம் முழுக்கக் காபி விலை ஏறியது. அந்தச் செய்தியைப் பஸ்ஸில் வந்த யாரோ சொல்லக் கேட்டு, அந்தப் பருவத்துக் கொட்டையை அம்மா உடனே கொடுக்காமல் மூட்டையாகக் கட்டி வைத்தாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள், புருஷன் இல்லாத நேரத்தில் இவளுக்கு எதுக்கு இந்த வேலை என்றார்கள். விலை இன்னும் ஏறிய பிறகு விற்றாள். மழைக்கு ஒழுகிய தகரக் கூரையைப் பிரித்து ஓடு வேய்ந்தது அந்தப் பணத்தில்தான். அப்பா வந்து பார்த்தபோது கூரை மாறியிருந்தது. அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா செஞ்சிருக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதற்குமேல் சொல்லவும் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா தானே முடிவெடுத்தாள் என்பதால் அவள் சுகமாக இருந்தாள் என்று அர்த்தமில்லை. ஒரு வருஷம் யானை இறங்கி வாழையையும் காபியையும் மிதித்துப் போட்டது. இழப்பீடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனாள். பட்டா அப்பா பெயரில் இருந்தது. பட்டாதாரர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். அவர் நடுக்கடலில் இருக்கிறார் என்றால், கரைக்கு வந்ததும் கூட்டி வாருங்கள் என்றார்கள். அவர் வந்தபோது தேதி தாண்டிவிட்டது. நட்டவளும் அவள்தான், இரவெல்லாம் தகர டின்னைத் தட்டிக்கொண்டு விழித்திருந்தவளும் அவள்தான். அவள் கையெழுத்துக்கு மட்டும் மதிப்பில்லை. அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

2005 ஜூலை 27. அப்பாவுக்கு ஓய்வுக் காலம், வீட்டில் இருந்தார். அதற்குள் பொங்கல்களும் எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தன. மும்பை முந்தைய நாள் பெய்த மழையில் மூழ்கிக் கிடந்தது. டி.வி.யில் மழைச் செய்திக்கு நடுவே, மும்பை ஹை வடக்கு மேடை எரிகிறது என்றார்கள். துணைக்கப்பல் ஒன்றில் சமையல்காரருக்கு விரலில் காயம். அவரைச் சிகிச்சைக்கு மேடைக்கு மாற்ற வந்தபோது, 'சமுத்திர சுரக்ஷா' என்ற அந்தக் கப்பல் மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. தீப்பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே சரிந்தது. 22 பேர் இறந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அப்பாவின் ரிக் வேறு இடத்தில் இருந்தது, அவர் ஜோடிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அது தெரிய மறுநாள் மாலை ஆயிற்று. அதுவரை அப்பா வாசலுக்கும் டி.வி.க்குமாக நடந்துகொண்டே இருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை.

அந்த ஓய்வு முடிவதற்குள் அப்பா அம்மாவைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போய், காட்டை இருவர் பெயருக்கும் கூட்டாக மாற்ற எழுதிக் கொடுத்தார். வங்கிக் கணக்கிலும் அவள் பெயரைச் சேர்த்தார். "நான் அங்க இருந்திருந்தா நீ எந்தக் காகிதத்தக் காட்டுவ?" என்றார். அவர் செய்த நல்ல காரியங்களில் அதையே பெரிதென்று நான் சொல்வேன். அதற்கு 22 உயிர் போகவேண்டியிருந்தது என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

இப்போது தம்பி எண்ணெய் வயலில் இருக்கிறான். அபுதாபிக்கு வெளியே, கடலில் மண்ணைக் கொட்டி எழுப்பிய செயற்கைத் தீவு ஒன்றில். 28 நாள் வேலை, 28 நாள் ஓய்வு. இது 56 நாள் சுற்று. வருஷத்துக்கு ஆறரைச் சுற்று என்பதால் பொங்கல் ஒரு வருஷம் வீட்டில், மறுவருஷம் தீவில். அப்பா வருஷக்கணக்காக இழந்ததை இவன் ஒன்றுவிட்டு ஒன்று பெறுகிறான். அபுதாபியிலிருந்து சென்னைக்கு விமானம் நான்கு மணி நேரம். மே மாத வார இறுதியில் வத்தலக்குண்டிலிருந்து மலையேறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகிவிடுகிறது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் நெரிசல் தீர்ந்தபாடில்லை.

தீவில் வைஃபை உண்டு. அவன் தினமும் வீடியோ காலில் வருவான். முன்பெல்லாம் பேச்சு குழந்தை சாப்பிட்டதா என்பதில் தொடங்கி, கேட்டைப் பூட்டினாயா, எந்த வேலையாளைக் கூப்பிட்டாய், என்ன கூலி, மருந்து அடித்தாயா என்று போகும். வாசலிலும் காபிக் களத்திலும் கேமரா வைத்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஊரை நினைத்து ஏங்குகிறவன். இருக்கமுடியாத இடத்தில் எப்படியாவது இருந்துவிடப் பார்க்கிறான். எனக்கு அது புரிகிறது.

ஆனால் அவன் மனைவியின் நாள் எப்படிப் போனது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாழைக்குலை வியாபாரி வந்து விலை சொல்வார். அவளுக்கு விலை தெரியும். இருந்தாலும் அவன் ஷிஃப்ட் முடிந்து போனை எடுக்கும் வரை காத்திருப்பாள். வியாபாரி அடுத்த காட்டுக்குப் போய்விடுவார். மாலையில் அவன், "ஏன் விட்ட?" என்பான். "மதினி, நானே குடுத்திருந்தாலும் ஏன் கேக்காம குடுத்தன்னு கேட்டிருப்பாரு" என்று அவள் என்னிடம் சொன்னாள். வேலை முழுக்க அவள் தலையில், முடிவு மட்டும் அபுதாபிக் கடலில். எங்கள் அம்மாவுக்கு அப்பாவின் குரலைக் கேட்க வழியில்லை, ஆனால் காடு அவள் கையில் இருந்தது. இவளுக்குக் குரல் நாள் முழுக்க இருந்தது, காடு கையில் இல்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனது. கொடைக்கானல் மலையில் மரம் சாய்ந்து, மண் சரிந்து, சாலை அடைபட்டது. எங்களுக்கு நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. அப்பா காலத்தில் எட்டாமல் இருந்தது கடல். அந்த வாரம் கடலில் சிக்னல் இருந்தது, மலையைத்தான் எட்டமுடியவில்லை. அந்த நாட்களில் தம்பி மனைவி யாரையும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து வழியில் கிடந்த மரத்தை வெட்டவைத்தாள். சாய்ந்த வாழையில் விற்கக்கூடியதைப் பிரித்து, முதலில் திறந்த பாதை வழியாக ஜீப்பில் ஏற்றினாள். பாதி விலைதான் கிடைத்தது, ஆனால் முழுதும் அழுகிப்போகவில்லை. போன் வந்த அன்று தம்பி அழுதான், பிறகு கணக்குக் கேட்டான். அவள் நோட்டை விரித்துப் படித்தாள். ஒரு ரூபாய் இடிக்கவில்லை.

அடுத்த முறை அவன் வந்தபோது அப்பா அவனோடு களத்தில் உட்கார்ந்து பேசினார். எண்ணெய் வயலில் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவர் பற்றி. என்ன ஓடுகிறது, எது பழுதில் இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி, ஜோடியிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கவேண்டும். 1988 ஜூலை 6-இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் இறந்ததற்கு அதில் விட்ட ஒரு குறையும் காரணம். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த விவரம் அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். அந்தப் பாடத்தை அப்பா காலத்து ஆட்கள் நன்றாகப் படித்தவர்கள்.

"ஒப்படைச்சுட்டு வந்த பொறவு நான் ஒருநாளும் ரிக்குக்குப் போன் போட்டு இந்த வால்வத் தொற, அந்த வால்வ மூடுன்னு சொன்னதில்ல. சொன்னா ஆபத்து. மேல இருக்கவனுக்குத்தான் மேல நடக்கறது தெரியும். காட்டுக்கும் அதான்டா" என்றார். பிறகு, "பன்னெண்டு மணி நேரம் வேல பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணி நேரம் குலை விலை பேசினா, நீ எப்பத் தூங்குவ? தூங்காதவன் இன்ஜின் பக்கம் போகக்கூடாது" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. அந்த முறை கிளம்புவதற்கு முன் களத்துக் கேமராவைக் கழற்றினான். வாசல் கேமரா இருக்கிறது, யானை வந்தால் பார்க்க அது வேண்டும் என்று அவளே சொன்னாள். குலை விலையை இப்போது அவள்தான் பேசுகிறாள். முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், இன்னும் சில மாலைகளில் பழைய கேள்விகள் வரத்தான் செய்கின்றன.

கடலிலும் பாலைவனத்திலும் எண்ணெய் வயல்களில் இருக்கும் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் நான் கேட்பது இதுதான். வீட்டுக்கு வரும்போது பணத்தோடு ஒரு நாளை ஒதுக்குங்கள். மனைவியோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நிலத்தை இருவர் பெயருக்கும் எழுதிப் பதிந்து, பட்டாவிலும் அவர் பெயரைச் சேருங்கள். வங்கிக் கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றுங்கள். வளைகுடாவில் இருந்து வரமுடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தவேண்டும், மறக்காதீர்கள். கிளம்பும் முன் உங்கள் ஜோடிக்கு எழுதுவதைப்போல ஒரு பக்கம் எழுதி மனைவி கையில் கொடுங்கள். அதன்பிறகு போன் பேசும்போது குழந்தையைப் பற்றிப் பேசுங்கள். காட்டைப் பற்றி அவர் சொன்னால் கேளுங்கள்.