காற்று வாங்கப் போனவர்கள்

அர்ஜென்டினாவின் நெடுஞ்சாலை ரூட்டா 40, ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி நீள்கிறது. அதன் தென்கோடியில் பட்டகோனியா. உலகத்தின் இரைச்சல் பிடிக்காத மோட்டார் சைக்கிள்காரர்கள் தனிமை தேடி இங்கேதான் வருகிறார்கள். ஹெல்மெட்டில் ஒரு கேமரா, கைப்பிடியில் ஒரு கேமரா, தலைக்கு மேலே டிரோன். இங்கே வீசும் மேற்குக் காற்றில் டிரோனும் தனிமை தேடிப் போய்விடும் என்பது வேறு விஷயம்.

இங்கே நேரான சாலையிலும் வண்டியைச் சாய்த்தேதான் ஓட்ட வேண்டும். வடக்கே போகிறவருக்குக் காற்று இடப்பக்கம். எதிரே லாரி வந்தால் காற்று ஒரு கணம் அறுந்துபோகும். அதை நம்பிச் சாய்ந்திருந்தவர் லாரியை நோக்கியே சரிவார். கடவுள் நம்பிக்கை வளர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வழியில் பாஹோ கரகோலெஸ் என்றொரு குக்கிராமம். அங்கே பெட்ரோல் போட நிற்பவர்கள், யாரும் வராத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். புதிதாக ஒட்டத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.

இவர்களில் பலருக்கு ஆதர்சம் சே குவேரா. 1952-ல் நண்பர் ஆல்பெர்த்தோ கிரானாடோவோடு அவர் கிளம்பிய 500 சிசி நார்ட்டனுக்கு 'வல்லமை படைத்தவள்' என்று பெயர். அந்த வல்லமை சிலியிலேயே உயிரை விட்டது. அதற்குப் பிறகு அவர் பார்த்த தென்னமெரிக்காவில் பெரும்பகுதி, லாரிக்காரர்களிடம் கைகாட்டி ஏறிப் பார்த்ததுதான். டி-ஷர்ட்டில் மட்டும் இன்னும் யாரும் லாரியைப் போடவில்லை.