நிலைவாசல் ஆணியும் தோரணக் காலக்கணிப்பும்: பனமலை வட்டாரத்தை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைவாசலுக்கு மேலே இரண்டு ஆணிகள் இருக்கும். ஓட்டு வீடு, தொகுப்பு வீடு, துபாய்ப் பணத்தில் கிரானைட் பதித்த மாடி வீடு என்ற பேதம் இதில் கிடையாது. நம் அறிஞர் பெருமக்கள் கல்வெட்டு, நடுகல், பானை ஓடு என்று குனிந்தே நடந்து பழகியவர்கள். ஆகவே தலைக்கு மேலே இருந்த இந்த ஆணிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை.

நமது கருதுகோள் எளியது. தோரணம் கட்டுவதற்கு நாள் உண்டு, நேரம் உண்டு, "சீக்கிரம் கட்டுடா, எமகண்டம் வந்துடும்" என்று விரட்ட ஆளும் உண்டு. அவிழ்ப்பதற்கு இவற்றில் ஒன்றுமில்லை. கோயிலில் கொடியேற்றம் நடந்தால் கொடியிறக்கம் நடந்தே தீரும். கையில் காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கவும் ஒரு சடங்கு வேண்டும். கொலு வைத்தவர்கள் விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைக்கிறார்கள். பந்தலைப் பிரிக்கப் பந்தல்காரரே வந்துவிடுவார், பொருள் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டுமே. தோரணத்தை மட்டும் கட்டிவிட்டு இறங்கியவர் மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும்; உதிரக் காலம் பிடிக்கும்; அந்தக் காலத்தை இலையைப் பார்த்தே அளந்துவிடலாம். பஞ்சாங்கம் புரட்டாமல், கதவைத் தட்டாமல், அந்த வீட்டில் கடைசியாக எப்போது பாயசம் வைத்தார்கள் என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிட முடியும்.

ஆய்வுக்களமாகப் பனமலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே குன்றின் மேல் இருக்கும் தாளகிரீசுவரர் கோயிலை எடுப்பித்தவன் ராஜசிம்ம பல்லவன். காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குடை நிழலில், தலை சாய்த்து, ஒரு காலை மடித்து நிற்கும் பார்வதியின் ஓவியம் அங்கே இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்க்க அறிஞர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இறங்கி ஏரிக்காற்றில் வேர்வை ஆற்றிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வழியில் இருந்த வாசல்கள் எல்லாம் வீண்.

இத்தனைக்கும் தோரண ஆராய்ச்சிக்கு இவ்வட்டாரம் புதிதல்ல. அருகிலுள்ள தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரையின் முகப்புத் தூண்களுக்கு மேலே மகர தோரணம் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, அரசனைத் தொண்டைக்கொடி மாலை அணிந்த வேந்தன் என்றே அறிமுகப்படுத்துகிறது. கல்லில் தோரணம் வெட்டிய பிறகும் பல்லவன் பச்சை இலையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கல் தோரணம் ஏறக்குறைய 1400 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அதையும் யாரும் அவிழ்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில் ஒரு வழி காட்டினார். தூண், போதிகை, கூடு போன்ற அலங்கார உறுப்புகள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி வடிவம் மாறின என்று பார்த்துக் கோயிலின் காலத்தைச் சொல்லும் முறை அது. அதே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் குழி தோண்டிய மார்ட்டிமர் வீலர், மண்ணடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படித்துக் காலம் கணித்தார். இருவர் முறையையும் இணைத்து வாசலுக்குக் கொண்டுவந்ததுதான் நமது பங்களிப்பு. இலையின் நிறத்தில் துப்ரேய், ஆணியின் அடுக்கில் வீலர்.

முதலில் செய்முறை. மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமையோடு பொறித்து வைத்திருக்கிறான். மாவிலைத் தோரணமும் ஊசி இல்லாமல், நூல் இல்லாமல், பசை இல்லாமல் உருவாவதுதான். தேவை ஒரு கயிறு, கொஞ்சம் ஈர்க்கு, பக்கத்து வீட்டு மாமரம். இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, ஈர்க்குத் துண்டால் குத்திப் பூட்ட வேண்டும். கொழுந்து இலை உதவாது; செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், மதியத்துக்குள் சுருண்டுவிடும். முற்றிய இலைதான் விறைப்பாக நிற்கும். இலைகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. எண்ணிப் பார்த்து இரட்டைப்படை வந்தால், கட்டுகிறவர் ஓர் இலையைக் கிழித்துப் போடுவாரே தவிர, இன்னொன்று பறிக்க மரத்துக்குப் போகமாட்டார். கடைசியில் எல்லாம் அந்த ஆணியில்தான் மாட்டுகிறது. உலோகம் தவிர்க்கும் போட்டியில் மகேந்திரனிடம் நம் மக்கள் தோற்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

இனிக் காலக்கணிப்பு. மாவிலை தடித்த, மெழுகுப் பூச்சுள்ள இலை. வெற்றிலையைப் போல அழுகாமல், நின்று நிதானமாகக் காயும். பளபளக்கும் பச்சை என்றால் இன்று அல்லது நேற்று. பச்சை மங்கி ஓரம் உள்ளே மடிந்தால் வாரம் ஆகிவிட்டது. பச்சை கழன்று காக்கி ஏறினால், விசேஷத்துக்கு வந்த உறவினர் ஊர் திரும்பிப் பலகாரமும் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தொட்டால் நொறுங்கும் பழுப்பு ஒரு பண்டிகைக்கும் அடுத்த பண்டிகைக்கும் நடுவே உள்ளது. இலை போய் ஈர்க்கு மட்டும் கயிற்றில் குத்திட்டு நின்றால், அது சென்ற ஆண்டு. வெறும் கயிறு என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் பேரன் நடக்கத் தொடங்கியிருப்பான்.

ஆணியின் அடுக்கு இன்னும் நுட்பமானது. புதுத் தோரணம் கட்டுகிறவர் பழைய கயிற்றை அறுப்பதில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு அதன் மேலேயே முடிச்சுப் போடுகிறார். ஆகவே ஆணியின் அடிப்பகுதியில் மிகப் பழைய முடிச்சும் தலைப்பகுதியில் புதியதும் இருக்கும். கீழிருந்து தென்னங்கயிறு, வாழைநார், சணல், நைலான் என்று பார்த்தால் ஒரு குடும்பத்தின் பொருளாதார வரலாறு ஓர் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அரிக்கமேட்டில் இத்தாலிய அரிட்டைன் ஓடுகள் மண்ணடுக்குக்கு ஆண்டு குறித்துக் கொடுத்தன. இங்கே அந்த வேலையை மாடி முகப்பில் சிமெண்டில் எழுதிய ஆண்டு செய்கிறது. அதற்கு முந்தைய முடிச்சு அந்த ஆணியில் இருக்க வழியில்லை.

மாதிரி அளவு எவ்வளவு, பிழை விழுக்காடு எவ்வளவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாசலை எத்தனை மாதமாகத் துடைக்கவில்லை என்ற விவரமும் அதனோடு வெளிவந்துவிடும் என்பதால், வீட்டுக்காரர்களின் மானம் கருதி எண்களைத் தவிர்த்திருக்கிறோம்.

இம்முறைக்கு இடையூறுகள் இல்லாமல் இல்லை. முதன்மையானது வெள்ளாடு. தாழ்வான கூரைவீட்டு வாசலில் பின்னங்காலை ஊன்றி எழும்பி, ஒரு பண்டிகையின் சான்றை அது ஒரே வாயில் அழித்துவிடுகிறது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கட்டும் வேப்பிலைத் தோரணம் என்றால் அதற்கு இன்னும் விருப்பம். அடுத்து நெட்டிலிங்கம். அலைஅலையான ஓரத்தோடு நீண்டு தொங்கும் இந்த இலையைப் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அமைச்சர் வருகைக்கும் மாவிலைக்குப் பதிலாகக் கட்டுகிறார்கள். மக்கள் இதை அசோக மரம் என்கிறார்கள். உண்மையான அசோகம் வேறு மரம். ஆக, போலி அசோகத்தின் இலை போலி மாவிலையாகத் தொங்குகிறது. இரண்டு பொய்கள் சேர்ந்து ஒரு விழாவை நடத்திவிடுவது நிர்வாகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. ஆயுத பூஜைக்கு விழுப்புரம் கோட்டத்துப் பேருந்தின் முகப்பில் கட்டும் தோரணமும் கணக்கில் சேராது. காற்று அதைத் திண்டிவனம் போவதற்குள்ளேயே சென்ற ஆண்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி பிளாஸ்டிக் மாவிலை. பச்சையும் மஞ்சளுமாக, நடுவில் துணிச் சாமந்தியோடு, கடைகளில் சரம்சரமாக விற்கிறது. அது வாடாது, ஆகவே எந்தத் தேதியும் சொல்லாது. வெளிறி வெளிறி வெள்ளைக்குப் போகுமே தவிர, பொங்கல் எது, பூப்புனித நீராட்டு எது என்று காட்டிக்கொடுக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் கொடிக்கு இடம் கிடைத்தது. மாவிலையை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காலக்கணிப்பு அறிஞர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருந்தால் இந்த அவலம் நேர்ந்திருக்காது.

தோரணத்தின் வடிவம் பற்றியும் ஒரு சொல். மேலைநாட்டார் கிறிஸ்துமஸுக்குப் பச்சிலையை வட்டமாகக் கட்டிக் கதவில் மாட்டுகிறார்கள். தேவாலயங்களில் திருவருகைக் காலத்துக்கு நான்கு மெழுகுவர்த்தியோடு வைக்கும் வளையமும் அந்த வம்சம்தான். 1839இல் ஹாம்பர்க் நகரில் யோகான் விச்செர்ன் என்ற போதகர், ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பண்டிகை நாளை எண்ணிக் காட்ட, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நட்டதிலிருந்து அது தொடங்கியது. தேதி சொல்லும் சக்கரம் என்பதால் நம் துறைக்கு அவர் முன்னோடி. ஆனால் அதைப் பனமலைக் கதவில் மாட்டிப் பார்க்கக்கூடாது. இங்கே வட்டமாக வருவது மலர் வளையம். அது தலைவர்கள் கையில் வரும், கண்ணாடிப் பெட்டி மேல் போய் உட்காரும். கதவில் அப்படி ஒன்றைக் கண்டால் தெருவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "எப்ப எடுக்கறாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும். குறுக்கே நீண்டு தொங்கினால் விசேஷம், வட்டமாகச் சுருண்டால் துக்கம் என்பது இவ்வட்டார விதி. மணமக்கள் கழுத்து மாலை மட்டும் விதிவிலக்கா என்ற கேள்விக்கு, மணமானவர்கள் வெவ்வேறு விடை தருவதால், நாம் தலையிடவில்லை.

ஈழத் தமிழர்கள் இதை இன்னும் நுணுக்கமாக்கிவிட்டார்கள். தென்னங்குருத்தைக் குருவி வடிவில் மடித்துச் செய்யும் தோரணத்தில் குருவியின் தலை மேலே பார்த்தால் மங்கலம், கீழே பார்த்தால் அமங்கலம். யாழ்ப்பாணத்தில் தெருமுனையில் நின்றே எந்த வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போவது, எந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவது என்று தீர்மானித்துவிடலாம். பனமலைக்காரர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. அவர்களுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது.

பழைய தோரணத்தை ஏன் கழற்றுவதில்லை என்ற அடிப்படைக் கேள்வியைத் திண்ணையில் இருந்த ஆயா ஒருவரிடம் வைத்தோம். "அத எதுக்குய்யா கழட்டணும்? அது பாட்டுக்கு இருக்குது" என்றார். கோட்பாட்டுப் பகுதியில் இதற்குமேல் சேர்க்க நமக்கு ஒன்றுமில்லை.

மேலாய்வு செய்ய வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை பிறந்த முதல் வாரம் ஏற்றது. ஆடுகளுக்கு முன்பாக வந்து சேர வேண்டும். ஏணி அவசியம். பழைய கயிறுகளில் கை வைக்கக்கூடாது, அவை சான்றுகள். ஏணியில் ஏறியவரை இந்த ஊரில் சும்மா இறங்க விடமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். கீழேயிருந்து ஒரு கை மாவிலைக் கொத்தை நீட்டும்: "சார், ஏறினது ஏறிட்டீங்க, அப்படியே இதையும் கட்டிடுங்க." ஆய்வாளரே சான்றை உண்டாக்கிவிட்டு, பிறகு அதற்கு அவரே தேதி குறிப்பது முறையா என்பதைத் தனிக்கட்டுரையில் விவாதிப்போம். கட்டும்போது இலை ஒற்றைப்படையா என்று எண்ணிக்கொள்வது நல்லது. ஆயா கீழே நின்று எண்ணிக்கொண்டிருப்பார்.