டொக்கு டைல்ஸ்

செம்பரம்பாக்கம் என்றாலே ஏரிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடைமழை பிடித்தால் போதும், 24 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று சென்னையே விசாரிக்கும். ஏரிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் எனக்கு நீர்மட்டக் கவலை கிடையாது. என் கவலையெல்லாம் ஹாலின் தரைமட்டம்தான்.

பகலில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கார் உதிரிபாகங்களுக்கு ஓகே, ரிஜெக்ட் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே? கோடையில் ஒரு மத்தியானம் ஹால் நடுவே 'டமார்'. இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூடாரம் போட்டு நின்றன. அன்று எடுத்த பத்து ரூபாய்க் காசை நான் இன்னும் செலவழிக்கவில்லை. மண்டி போட்டு, காதைச் சாய்த்து, ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். கலவை பிடித்திருந்தால் 'ணங்'. அடியில் காலியாக இருந்தால் 'டொக்'. டொக்குக்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி.

"பெருக்கல் போட்டது போதும், நான் கொஞ்சம் பெருக்கணும்" என்றாள் மனைவி.

விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. மனிதனுக்கு நல்ல குணம். சிமெண்டுக்கு ஆகாத குணம். உறிஞ்சினால்தானே கலவை கவ்வும்? அதற்காகவே டைல்ஸ் கம் வந்து, ஐஎஸ் 15477 என்று அதற்கொரு தர விதியும் இருக்கிறது. நம் வீடுகளிலோ மூலைக்கு ஒரு கரண்டி கலவை, நடுவில் ஒன்று, மிச்சம் காற்று. போதாக்குறைக்கு, "கோடே தெரியக்கூடாது மேஸ்திரி" என்று கேட்காத வீட்டுக்காரர் உண்டா? 20 அடி ஹாலில் 20 டிகிரி சூடு ஏறினால் தரை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் போக ஒரே வழி, மேலே.

வந்த மேஸ்திரி என் சாக்பீஸ் குறிகளைச் சுற்றிப் பார்த்தார். "இப்படித் தட்டினா எந்த வீடும் தேறாது சார். சத்தம் வந்தா வரட்டும். கால் வச்சா ஆடுதா, கோட்டுல பொடி உதிருதா, அதை மட்டும் எடுப்போம்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அவர் வேலை அழகு. முதலில் கட்டரால் கிரவுட்டை மட்டும் அறுத்தார். உளியை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்து உடைத்தார். ஓரத்தில் வைத்தால் பக்கத்து டைல்ஸின் விளிம்பு தெறித்துவிடுமாம். பழைய கலவையைச் சுரண்டி, துடைத்து, பல் வைத்த கரண்டியால் கம்மைக் கோடு கோடாக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் கொஞ்சம் பூசி, ரப்பர் சுத்தியலால் தட்டினார். அவர் தட்டினால் கூலி, நான் தட்டினால் திட்டு.

பழைய டைல்ஸ் மீதம் இல்லை. "அந்த டிசைன் இப்ப மோர்பியிலேர்ந்தே வர்றதில்ல" என்றார் கடைக்காரர். கிடைத்தது ஒரு சாயல் வெளுப்பு. அதன்மேல் இப்போது சோபா இருக்கிறது, நடுஹாலில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

போன வாரம் குன்றத்தூரில் மச்சினனின் கிரகப்பிரவேசம். ஹோமப் புகை அடங்குமுன் மொய்க்கவரிலிருந்த ஒரு ரூபாயை உருவிக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஒதுங்கினேன். சுவரில் முதல் 'டொக்' கிடைத்த நேரம், வெளியே மாமனார் குரல்: "ரொம்ப நேரமா உள்ள இருக்காரே, மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையாம்மா?"

"வயிறெல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாள் என் மனைவி.