கம்பஸ் லீவை முழுசாகத் தொலைப்பது எப்படி?

லீவு விட்டாயிற்று. கச்சான் காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. ஒலுவிலிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பையைத் தூக்கிக்கொண்டு புல்மோட்டையில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். நிலாவெளி கோணேசபுரி வளாகத்தில் படிப்பவருக்குப் பயணம் சின்னது. களைப்பு மட்டும் அதே அளவு. செய்யவேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். புதிதாக ஒன்றுமில்லை. போன லீவில் அரைகுறையாகச் செய்ததை இம்முறை சரியாகச் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

1. முதல் நாளே திட்டம் போடுங்கள். புதுக் கொப்பி வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, சுபஹிலிருந்து இஷா வரை நேரத்தைப் பிரியுங்கள். ஆங்கிலம், சிங்களம், கம்ப்யூட்டர் கோர்ஸ், காலை ஓட்டம். மூன்று நிறப் பேனை பாவியுங்கள். படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டதும் திட்டத்தின் வேலை முடிந்தது. கொப்பியை உம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், கடைக் கணக்கு எழுத உதவும்.

2. லுஹர் பாங்கு கேட்கும்வரை எழும்பாதீர்கள். வாப்பா கடலுக்குப் போய் வந்து, மீனை விற்று, குளித்து, சாப்பிட்டுச் சாய்கிற நேரத்தில் நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். “மகன் படிச்சுக் களைச்சு வந்திரிக்கான், எழுப்பாதீங்க” என்று முதல் கிழமை உம்மா சொல்வார். இரண்டாம் கிழமை வேறு மாதிரிச் சொல்வார். அதற்குள் இயர்போன் வாங்கிவிடுங்கள்.

மாணவிகள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். பையை இறக்குமுன்பே அவர்கள் கைக்குத் திருவலை வந்துவிடும். லீவை வீணாக்கவும் கொஞ்சம் ஓய்வு வேண்டுமே! அந்த வசதி நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு மட்டும்தான்.

3. வேலை தேடி நிலாவெளிப் பக்கம் போய்விடாதீர்கள். இந்த மாதங்களில் கிழக்குக் கடல் தணியும், வெள்ளைக்காரர் வருவார்கள், புறாத்தீவுக்குப் படகு ஓடும், நாலு வார்த்தை இங்கிலிஷ் பேசுகிற பொடியன்களை ஹோட்டல்காரர் தேடுவார்கள். ஆபத்து! காரணங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். பஸ் நேரத்துக்கு வராது. வெயில் தாங்காது. சம்பளம் காணாது. “டிகிரி செய்யிறவன் கோப்பை தூக்குறதா?” என்பது நல்ல காரணம்தான், ஆனால் வாப்பா முன்னால் வேண்டாம். வலை இழுத்த காசில்தான் அந்த டிகிரி ஓடுகிறது.

4. பின்னேரம் அரிசிமலைக்குப் போங்கள். அரிசிமணி போல் கிடக்கும் அந்த மணலை உள்ளங்கையில் அள்ளி, வழியவிட்டு, ஸ்லோமோஷனில் வீடியோ எடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊரின் மற்ற மணலைப் பற்றி, அந்தக் கறுப்பு மணலைப் பற்றி, யோசிக்கத் தொடங்கினால் லீவு கெட்டுவிடும். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் இருக்கின்றன. 1957இல் இதற்கென்றே கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள்; இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ். கழுவிப் பிரித்துக் கப்பலேற்றுகிறார்கள். கறுப்பாகப் போவது பிறநாட்டுத் தொழிற்சாலையில் வெள்ளைப் பொடியாகி, பெயின்டிலும் பற்பசையிலும் சேர்கிறது. நீங்கள் கம்பஸில் இரசாயனம் படிப்பவராக இருக்கலாம். அதற்காக அந்த வாசலில் போய், பயிற்சிக்கு இடமிருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு வேண்டுமென்றால் கூகுளில் தேடி, பிரேசில் பற்றி ஏதாவது எடுங்கள். ‘ஏன் மணலாகவே ஏற்றுகிறோம், இங்கேயே பொடியாக்கினால் என்ன?’ என்று மனம் நச்சரித்தால் உடனே இன்னொரு செல்ஃபி எடுங்கள். போய்விடும்.

5. ஏ.எல். படிக்கும் தங்கச்சி “நானா, இந்தக் கணக்கு வருகுதில்ல” என்று வந்தால் “நாளைக்கு” என்று சொல்லுங்கள். மூன்று தரம் சொன்னால் போதும். நாலாம் நாள் அவள் டியூஷனில் இருப்பாள், காசு வாப்பாவுடையது.

6. பாலைப்பழம் வாங்கி வையுங்கள், இது அதன் காலம். காட்டிலிருந்து வரும் அந்த மஞ்சள் பழத்தை ஒரு கை தின்றால் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். “அடுத்து என்ன செய்யிற பிளான், மருமகன்?” என்று மாமா கேட்கும் வீட்டுக்குப் போகுமுன் கட்டாயம் தின்னுங்கள். வெளியே வந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

7. அசைன்மென்டைத் தொடாதீர்கள். 2024 மே மாதம் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டதை நினைவில் வையுங்கள். சம்பளத்துக்காக அவர்கள் போராடினால், அதன் பலனை அனுபவிக்க ஊரில் ஒருவர் வேண்டாமா? அப்படியொன்று இந்த வருடமும் வரும் என்று முழு மனதோடு நம்புங்கள்.

வராது. ஓர் இரவு வட்ஸ்அப் குரூப்பில் செமஸ்டர் திகதி வந்து விழும். “மச்சான், யாராவது முடிச்சிட்டீங்களா?” என்று எழுதுங்கள். ஒருவரும் முடித்திருக்கமாட்டார்கள், ஆறுதலாக இருக்கும். பிறகு பையைக் கட்டி, தங்கச்சியிடம் அலாரம் வைக்கச் சொல்லிவிட்டுப் படுங்கள். காலை முதல் பஸ்ஸை விட்டால் திருகோணமலை வரைக்கும் நின்றுதான் போகவேண்டும்.